அறுவர் இருக்கும் அறையில் தனிமை

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது ஒன்றே ஒன்றுதான். 1017-ம் ஆண்டில் ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த ஸ்தலம் அது. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடையாய் நடந்து பெற்ற எட்டெழுத்து மந்திரத்தை, யாருக்கும் சொல்லக் கூடாது என்ற கட்டளையையும் மீறி, அவர் ஊர் கூட்டி உரக்கச் சொல்லிவிட்டார் என்பது வைஷ்ணவ சம்பிரதாயத்தில் வழங்கும் வரலாறு. உள்ளே பூட்டி வைக்கச் சொன்னதைப் பலர் கேட்க வாய்விட்டுச் சொன்ன மகான் பிறந்த ஊர்!

இன்று அந்த ஊருக்குப் போகிறவர்கள், ஆதிகேசவப் பெருமாள் கோயில் கோபுரத்தைக் காண்பதற்கு முன்னால் தொழிற்சாலைப் பஸ்களைக் காண்பார்கள். கிழக்கே இருங்காட்டுக்கோட்டை, மேற்கே சுங்குவார்சத்திரம், தெற்கே வல்லம் வடகால், ஒரகடம் என்று, ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமி முழுவதிலும் இப்பொழுது மோட்டார் காரும் மோட்டார் சைக்கிளும் செல்போனும் விளைகின்றன. ஊசி முதல் கடிகாரம் வரையில் சீமையிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்த தேசம், இன்று அமெரிக்காவுக்கே டெலிபோன் செய்து அனுப்புகிறது. இதில் பெருமை கொள்ளாதவன் தேசபக்தன் அல்ல. நமக்கும் பெருமைதான்.

ஆனால் ஷிப்டு முடிகிற வேளையில் அந்த பஸ்களின் ஜன்னல்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வரிசை வரிசையாக இளம் பெண்கள். பாதிப் பேர் தூங்கி விழுகிறார்கள். மற்றவர்களில் பலர் பக்கத்தில் இருப்பவளுடன் பேசவில்லை. கையிலுள்ள சிறிய கண்ணாடித் தகட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் துயரத்தில் மூழ்கியிருக்கிறார்கள் என்று சொன்னால் அது அபாண்டம். முதல் முதலாகத் தன் பெயரில் ஒரு சம்பளம் வாங்கி, தம்பியின் படிப்புக்கு அனுப்பி, தனக்கும் ஒரு சுடிதார் எடுத்துக்கொண்ட பெண்ணின் சந்தோஷம் சாமான்யமானதல்ல. நாம் இங்கே சொல்ல வந்தது, அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் இன்னொருத்தியைப் பற்றி.

அவளுக்கு வந்திருப்பது மனச்சோர்வு என்னும் வியாதி.

வியாதி என்று வேண்டுமென்றே எழுதுகிறோம். துக்கம் எல்லோருக்கும் வரும், போகும், இது அப்படிப்பட்டதல்ல. இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளில் பெரும்பாகமும் மனம் இருண்டு கிடப்பது, முன்பு பிடித்திருந்த எதிலும் ருசி இல்லாமற் போவது, தூக்கம் கெடுவது அல்லது தூங்கிக்கொண்டே இருப்பது, சாப்பாடு இறங்காதது, உடம்பில் காரணமின்றி அசதி, கவனம் நிலைக்காமை, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், சில சமயம், இருந்து என்ன பயன் என்கிற விபரீதமான யோசனை. இவற்றில் பல சேர்ந்து வந்து, அன்றாட வேலையையும் கெடுத்தால், அதைத்தான் வைத்தியர்கள் மனச்சோர்வு என்கிறார்கள். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாகாணங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, சுமார் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு சமயம் இந்த வியாதி வருகிறது. வந்தவர்களில் 100-க்கு 85 பேர் வரையில் வைத்தியம் இல்லாமலே காலம் தள்ளுகிறார்கள் என்பதும் அதே ஆய்வின் கணக்கு.

வைத்தியம் இல்லாமற் போவதற்குப் பல காரணங்கள். நம் ஜனங்கள் இதை வியாதியின் பெயரால் அழைப்பதே இல்லை என்பது ஒன்று. "தலை கனக்கிறது", "உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது", "மனசு சரியில்லை" என்பார்கள். கேட்பவர்கள் உடம்புவலிக்கு மாத்திரை கொடுப்பார்கள். அல்லது "கல்யாணம் ஆனால் சரியாய்ப் போகும்" என்பார்கள். பின்னதைப் போன்ற அபாயகரமான மருந்துச் சீட்டை எந்தப் போலி வைத்தியனும் எழுதியதில்லை.

மற்றக் காரணம் வியாதியின் சுபாவத்திலேயே இருக்கிறது. காலில் முள் குத்தினால் மனிதன் "ஐயோ!" என்று கத்துகிறான், நாலு பேர் ஓடி வருகிறார்கள். மனச்சோர்வு முதலில் வாயைக் கட்டிப் போடுகிறது. யாரையும் பார்க்கப் பிடிப்பதில்லை. பார்க்காமல் இருப்பதால் சிநேகம் அறுந்து போகிறது. அறுந்து போனதைக் கண்டு, "நான் நினைத்தது சரிதான், என்னை யாருக்கும் வேண்டாம்" என்று மனம் தீர்ப்புச் சொல்கிறது. தீர்ப்புச் சொன்ன பிறகு இன்னும் உள்ளே ஒதுங்குகிறது. இந்தச் செக்கைச் சுற்றுகிறவர்களிடம் போய், "கொஞ்சம் நாலு பேரோடு பழகு" என்று புத்தி சொல்வது, கால் முறிந்தவனிடம் "கொஞ்சம் ஓடிப் பார்" என்று சொல்வதற்குச் சமானம். பழகுவதுதான் அவளுக்கு முடியவில்லை. மற்றவர்கள் அவளிடம் வந்து சேர்வதற்கு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தத் தொழிற் பிரதேசத்தில் அந்த வழி எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

* * *

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் அவளுக்குத் தனிமை என்றால் என்னவென்றே தெரியாது, தெருக் குழாயடியில் அரைமணி நேரம் நின்றால் ஊர்ச் செய்தி அத்தனையும் காதில் விழும், அவளுடைய முகம் வாடியிருந்தால் "என்னடி?" என்று கேட்க மூன்று அத்தைமார் இருப்பார்கள். இங்கே ஹாஸ்டலில் ஒரே அறையில் அவளோடு ஐந்து பேர். ஆறு பேர் இருக்கும் அறையில் தனிமை எப்படி வரும் என்று நேயர்கள் கேட்கலாம். ஷிப்டு முறையைச் சற்று யோசித்துப் பார்த்தால் விளங்கிவிடும். காலை ஷிப்டுக்காரி எழுந்து போகும்போது இரவு ஷிப்டுக்காரி வந்து படுக்கிறாள். விளக்குப் போட்டால் ஒருத்திக்குத் தூக்கம் கெடும். பேசினால் இன்னொருத்தி கோபிப்பாள். ஷிப்டு மாறினால் மறுபடியும் எல்லாம் தலைகீழ். ஆறு பேரும் விழித்தபடி ஒன்றாக உட்கார்ந்திருக்கும் நேரம் வாரத்தில் எத்தனை மணி? பலருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றுதான். அதுவும் துணி துவைப்பதில் போய்விடும்.

இரவையும் பகலையும் மாற்றி மாற்றி உழைப்பதால் உடம்பின் உட்கடிகாரம் குழம்பித் தூக்கம் கெடுகிறது என்பதும், தூக்கக் கேடு மனச்சோர்வுக்கு வாசற்படி என்பதும் இன்று வைத்திய சாஸ்திரத்தில் சாதாரண விஷயங்கள். ஆலைக்குள்ளே யந்திர வரிசை ஓடுகிற வேகத்துக்குக் கை ஓட வேண்டும்; அங்கே பேச்சுக்கு இடமில்லை. மாலையில் வீட்டிலிருந்து டெலிபோன் வந்தால், "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா" என்ற இரண்டு வாக்கியங்களுக்கு மேல் போவதில்லை. அவள் அனுப்பும் பணத்தில் வீடு நடக்கிறது. மனசு சரியில்லை என்று சொன்னால் "புறப்பட்டு வந்துவிடு" என்பார்கள். வந்துவிட்டால் கடனை யார் அடைப்பது?

ஒடிஸாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்திருக்கும் பெண்களின் கதி இதற்கும் ஒரு படி மேல். அவர்களுக்குத் துக்கத்தைச் சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருந்தாலும் பாஷை இல்லை.

இந்த ஏற்பாட்டின் குறையை 2021 டிசம்பரில் தேசம் முழுவதும் பிரத்தியட்சமாகப் பார்த்தது. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்து, பூந்தமல்லிக்கு அருகே ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண்களில் பலருக்கு அந்த மாத மத்தியில் சாப்பாடு விஷமாகி, 159 பேரை மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆயிற்று. அவர்களில் சிலர் இறந்துபோனார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. 17-ந் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூர் ராஜபாட்டையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 18-ந் தேதியும் மறியல் நடந்தது. யாரும் இறக்கவில்லை என்பது பின்னால் ஊர்ஜிதமாயிற்று. ஆலை அடைக்கப்பட்டு 2022 ஜனவரி 12-ந் தேதிதான் திறந்தது. சில அறைகளில் முப்பது பேர் வரையில் தரையில் படுத்தார்கள் என்ற செய்தியெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

சோற்றைப் பற்றியும் படுக்கையைப் பற்றியும் அப்போது பத்திரிகைகள் நிறைய எழுதின, எழுத வேண்டியதுதான். ஆனால் நம் மனதைத் தைத்தது அந்த வதந்திதான். பக்கத்துப் படுக்கைக்காரி பிழைத்திருக்கிறாளா இல்லையா என்பது, அவளோடு ஒரே கூரையின் கீழ் மாதக்கணக்காக வசித்தவர்களுக்கு ஒரு நாள் முழுவதும் தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை; நடுச்சாலைதான் இருந்தது. அந்தச் சாலையில்தான், குளிர் காற்றில், பல பெண்கள் தம் ஹாஸ்டல்காரிகளோடு முதல் தடவையாக ஓர் இரவு முழுவதும் பேசியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

* * *

தொழிலாளிகள் கூடிப் பேச ஓரிடம் வேண்டும் என்பது நமது தேசத்துக்குப் புதிய விஷயமல்ல. சென்னை பெரம்பூரில், பக்கிங்ஹாம் - கர்நாடிக் மில்லுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த இரு வியாபாரிகள், செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். அவர்கள் ஸ்ரீ வேங்கடேச குணாம்ருத வர்ஷிணி சபை என்று ஒரு பக்தி சபை நடத்தினார்கள். மில் தொழிலாளர்கள் உபன்யாசம் கேட்க வந்தார்கள். உபன்யாசம் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் தங்கள் கஷ்டங்களைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான், பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. போன்றவர்கள் அதில் உழைத்தார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த தொழிற்சங்கங்களில் அதுவே முதலாவது என்பார்கள். கூலி உயர்வைப் பற்றிய சரித்திரமாக இதைப் படிக்கிறோம். உபன்யாசம் முடிந்த பிறகு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்களே, அந்த ஒரு மணி நேரத்தை யாரும் சரித்திரத்தில் சேர்ப்பதில்லை.

"பேசிவிட்டால் வியாதி போய்விடுமா? இதென்ன மந்திரமா?" என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, சந்தேகம் நல்லதுதான் என்று சொல்லி, வடக்கே நடந்த ஒரு பரிசோதனையை எடுத்துக் காட்டுவோம்.

ஜார்க்கண்டிலும் ஒடிஸாவிலும் மூன்று ஏழை மாவட்டங்களில், ஏக்ஜுட் என்ற ஸ்தாபனத்தார் 2005 முதல் 2008 வரையில் கிராமத்து ஸ்திரீகளைக் கொண்டு மாதாந்தரக் கூட்டங்கள் நடத்தினார்கள். கிராமங்களை 36 தொகுதிகளாகப் பிரித்து, 18 தொகுதிகளில் கூட்டம் நடந்தது; மற்ற 18-ல் நடக்கவில்லை. சீட்டுப் போட்டுப் பிரித்தது, ஆகையால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. கூட்டத்தை நடத்தியவள் டாக்டர் அல்ல, நர்ஸும் அல்ல. அந்தப் பக்கத்துப் பெண்ணே. பேசியது பிரசவத்தைப் பற்றியும் பச்சைக் குழந்தையைப் பற்றியும். கதைகளையும் சித்திரங்களையும் வைத்துக்கொண்டு, எங்கே தவறிற்று, நாம் என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பிறந்த குழந்தைகளின் சாவு பெரிதும் குறைந்தது. அதற்காகத்தானே கூடினார்கள்? ஆனால் ஆய்வாளர்கள் கூடவே தாய்மார்களின் மனநிலையையும் அளந்து வைத்திருந்தார்கள். மூன்றாவது வருஷத்தில், கூட்டம் நடந்த இடங்களில் தாய்மாரின் நடுத்தரமான மனச்சோர்வு 100-க்கு 57 வீதம் குறைந்திருந்தது! 2010-ல் லான்ஸெட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் இது வெளியாயிற்று. அந்தக் கூட்டங்களில் எவரும் மனோவியாதி என்ற வார்த்தையைச் சொல்லி யாரையும் அழைத்து வரவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

கோவாவில் வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். டாக்டர் விக்ரம் பட்டேல் முதலானோர் 1996-ல் ஏற்படுத்திய ஸங்காத் என்ற ஸ்தாபனம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வுடன் வந்த 495 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு, வைத்தியப் படிப்பில்லாத, ஆனால் நல்ல பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள், ஆறு முதல் எட்டுத் தடவை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 100-க்கு 64 பேர் தேறினார்கள். மற்றப் பாதியில் 39 பேர்தான். பேசியது என்ன? பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. நாளைக்கு எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், யாரைப் போய்ப் பார்ப்பாய், விட்டுவிட்ட எந்தக் காரியத்தை மறுபடி கொஞ்சம் தொடுவாய் என்பவைதான். மனம் சரியானதும் சிநேகிதியைப் பார்க்கிறேன் என்று நாம் காத்திருக்கிறோம். முதலில் போய்ப் பார், மனம் பின்னால் வந்து சேரும் என்பது இந்தச் சிகிச்சையின் ரகசியம். முதல் அடியைத் தனியாக எடுத்து வைக்க முடியாதாகையால் கூட ஒருவர் வேண்டியிருக்கிறது.

நம் சென்னையிலேயே டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் ஆரம்பித்த ஸ்நேகா என்ற ஸ்தாபனத்தின் தொண்டர்கள், உயிரை விடலாமா என்று தவிப்பவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதையே ஒரு தொண்டாகச் செய்து வருகிறார்கள். உபதேசம் செய்வதில்லை, கேட்கிறார்கள். உபதேசம் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு நன்றாய்த் தெரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மருந்தே வேண்டாம், கூட்டம் போதும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. சாப்பாடு தூக்கம் அடியோடு நின்று போனவளுக்கும், சாவைப் பற்றி யோசிப்பவளுக்கும் வைத்தியர் உடனே வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் சர்க்கார் மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். 2022 அக்டோபர் 10-ந் தேதி முதல் மத்திய சர்க்கார் நடத்தும் டெலி-மானஸ் என்ற டெலிபோன் உதவியும் இருக்கிறது; 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் பல பாஷைகளில் பேசலாம். ஆனால் அந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டதோடு கடமை தீர்ந்தது என்று நினைப்பதும் சரியல்ல. டெலிபோனை எடுக்கவே மனமில்லாத ஒருத்திக்கு, "வா, நான் கூட உட்காருகிறேன், நீ பேசு" என்று சொல்ல ஒரு பெண் அறையில் இருக்க வேண்டும்.

* * *

2021-ல் நடந்ததற்குப் பிறகு சர்க்கார் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வல்லம் வடகாலில் சிப்காட் ஸ்தாபனம் சுமார் 706 கோடி ரூபாய்ச் செலவில் பெண் தொழிலாளருக்குப் பிரம்மாண்டமான இருப்பிடம் கட்டியது. 2024 ஆகஸ்டு 17-ந் தேதி முதன்மந்திரி ஸ்டாலின் அதைத் திறந்து வைத்தார். பதின்மூன்று கட்டடங்கள், கட்டடத்துக்கு 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். பெருக்கிப் பார்த்தால் 18,720 படுக்கை. நமது தாலுகாத் தலைநகரங்களில் சில, இதைவிடச் சிறியவை! தரையில் முப்பது பேர் படுத்த காலத்தை நினைத்தால் இது மகத்தான முன்னேற்றம்.

ஆயினும் 18,720 பேர் கூடிய இடம் தானாகவே ஊராகிவிடாது. ஊர் என்றால் குழாயடி வேண்டும், திண்ணை வேண்டும், "என்னடி முகம் வாடியிருக்கு?" என்று கேட்கிறவள் வேண்டும். இவற்றுக்குச் செலவாவது பணமல்ல, முக்கியமாக நேரம். நம்முடைய யோசனைகள் சிறியவை. ஒரே அறையில் இருக்கும் ஆறு பேருக்கும் ஒரே ஷிப்டைக் கொடுக்க முடியாதா? ஒருத்தியின் ஷிப்டை மாற்றினால் ஆறு பேரையும் சேர்த்து மாற்ற முடியாதா? யந்திர வரிசையைத் திருகாணி பிசகாமல் அமைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு பொருட்டல்ல. நூறு பெண்களுக்கு ஒருத்தி வீதம் அவர்களே தேர்ந்தெடுத்து, அவளுக்குக் கோவாவில் கொடுத்தது போன்ற பயிற்சி கொடுத்து, வாரத்தில் சில மணி நேரம் சம்பளத்தோடு விடுவிக்கலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழு நடத்திப் பழகிய தாய்மாரின் பெண்களுக்குப் பாயை விரித்து வட்டமாக உட்காரக் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். அந்த வட்டத்தில் பேசியது மேற்பார்வையாளரின் காதுக்குப் போகக் கூடாது. நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குகிற ஆலோசகர் எத்தனை உத்தமராயிருந்தாலும், "இவளுக்கு மனசு சரியில்லை" என்ற குறிப்பு தன் வேலைச் சீட்டைக் கிழித்துவிடும் என்று ஒரு பெண் பயந்தால், அவள் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வாள். அம்மாவிடம் சொல்கிற அதே வாக்கியம். ஆகவே வட்டத்தை நடத்துவது ஆலைக்கு வெளியே உள்ளவர்களாக, சங்கமோ தொண்டு ஸ்தாபனமோ சர்க்காரின் சுகாதார இலாகாவோ, இருப்பதே உசிதம் என்பது நமது அபிப்பிராயம்.

பாஷைக்கு என்ன செய்வது என்பார்கள். அதற்கு ஓர் எளிய கணக்குச் சொல்கிறோம். ஏக்ஜுட் கூட்டங்கள் நடந்த 2005, 2006, 2007-ம் வருஷங்களில் அந்தத் தாய்மாரின் மடியில் கிடந்த குழந்தைகள் இப்போது பதினெட்டு வயதைத் தாண்டிவிட்டார்கள். அதே ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும்தான் பெண்கள் ரயிலேறி இந்தத் தொழிற் பிரதேசத்துக்கு வருகிறார்கள். வல்லம் வடகாலைப் போன்ற இடங்களில் இரவு ஷிப்டு முடிந்து படுத்திருக்கும் யாரோ ஒருத்தியின் தாய் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கக் கூடும். விசாரித்தால் தெரியும், ஒரியாவிலோ ஹோ பாஷையிலோ விசாரிக்க வேண்டும்.